ஜெர்ரி ரைஸும் செங்கல் கதையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மெஸ்ஸியைப் பற்றியோ ரொனால்டோவைப் பற்றியோ இல்லை. அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது வேறு ஆட்டம். முட்டை மாதிரி ஒரு பந்து, தலைக்கவசம், தோளில் மூட்டை கட்டியது போல ஒரு காப்பு, ஐந்தாறு நொடி ஓட்டம், அப்புறம் அரை நிமிடம் இடைவெளி. பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வம். பிறகு ஏன் அதற்குக் கால்பந்து என்று பெயர் என்று கேட்பவர்கள் அமெரிக்கர்களிடமே கேட்டுக்கொள்ளவும் :-)

அந்த ஆட்டத்தில் ஜெர்ரி ரைஸ் என்று ஒரு மனிதர். 1985 முதல் 2004 வரை இருபது பருவங்கள் ஆடினார். அவர் கதையை அமெரிக்காவில் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஏழைப் பையன், செங்கல் சுமந்தான், மலை ஏறி ஓடினான், உலகத்திலேயே சிறந்தவன் ஆனான். நீதி: உழைத்தால் எதுவும் முடியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நீதி பாதி உண்மை என்பது என் கட்சி. மீதிப் பாதியையும் ரைஸ் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அதை மட்டும் யாரும் மேடையில் எடுத்துச் சொல்வதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. மைதானம் 100 கெஜ நீளம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்குள் பந்தோடு போய்விட்டால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் ரிசீவர். ரைஸ் ரிசீவர்.

ஓடு, திரும்பு, பிடி. வெளியிலிருந்து பார்த்தால் ரிசீவர் வேலை அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு வாத்தியார் வேலை. எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும், எந்தக் காலை ஊன்றித் திரும்ப வேண்டும், எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று எல்லாமே முன்கூட்டியே வரைந்து வைத்தது. பல ஆட்டங்களில் ரிசீவர் திரும்பும் முன்பே பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுக் கிளம்பிவிடும். ஆள் இல்லாத இடத்துக்கு எறிவார், அந்த நேரத்துக்கு ஆள் அங்கே வந்திருக்க வேண்டும். ஓர் அடி கூடக் குறைய வைத்தால் பந்து எதிரணிக்காரன் கையில். இத்தனையும் ஒருவன் தோளில் உரசிக்கொண்டு கூடவே ஓடி வரும்போது. பிடித்த அடுத்த நொடி இன்னொருவன் விலாவில் வந்து மோதுவான், அது தனி.

இப்போது எண்கள். ரைஸ் பிடித்த பந்துகள் 1,549. அவற்றால் கிடைத்த தூரம் 22,895 கெஜம். பிடித்து எடுத்த டச்டவுன் 197, ஓடி எடுத்தது உள்பட மொத்தம் 208. ஆடிய ஆட்டங்கள் 303.

தூரத்தில் அவருக்கு அடுத்த இடம் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு. 2004 முதல் 2020 வரை பதினேழு பருவங்கள் ஆடிய அவர் எடுத்தது 17,492 கெஜம். இடைவெளி 5,403. ஒரு பருவத்தில் ஆயிரம் கெஜம் எடுத்தாலே நல்ல ரிசீவர் என்று பெயர். அப்படியானால் ஃபிட்ஸ்ஜெரால்டு மாதிரி ஒரு ஜாம்பவான் ஆடி முடித்த பிறகும், இன்னும் ஐந்து நல்ல பருவங்கள் ஆடினால்தான் ரைஸின் நிழலைத் தொடலாம். கிரிக்கெட்டில் பிராட்மேனின் 99.94 சராசரியைப் பார்க்கும்போது ஒரு திகைப்பு வருமே, அதே திகைப்புதான். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் ஒரு ஊரே குடியிருக்கலாம் போல இருக்கும்.

சரி, செங்கல் கதைக்கு வருவோம்.

ரைஸ் வளர்ந்தது மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்டு என்ற சின்ன ஊரில். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் அப்பாவோடு வேலைக்குப் போவார்கள். சாரத்தின் மேல் ஜெர்ரி நிற்க, கீழேயிருந்து சகோதரர்கள் செங்கலைத் தூக்கிப் போடுவார்கள். இவர் பிடித்து அடுக்குவார். அந்தக் கைதான் பிற்காலத்தில் பந்தைப் பிடித்தது என்பது கதை. ரைஸும் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை.

ஆனால் ஒன்று யோசியுங்கள். கீழே நின்று செங்கல் போட்ட சகோதரர்களும் அதே வெயிலில்தான் நின்றார்கள். அதே அப்பாவிடம்தான் திட்டு வாங்கியிருப்பார்கள். அந்த மாநிலத்தில் அந்த வருடங்களில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் செங்கல் சுமந்திருப்பார்கள், பருத்தி எடுத்திருப்பார்கள்? உழைப்பு மட்டுமே போதும் என்றால் மிசிசிப்பியிலிருந்து ஒரு லாரி நிறைய ஜெர்ரி ரைஸ்கள் வந்திருக்க வேண்டும். வந்தது ஒருவர்தான்.

அப்படியென்றால் நடுவில் என்ன நடந்தது? மூன்று சம்பவங்கள் நடந்தன. மூன்றிலும் ரைஸின் உழைப்புக்குப் பங்கு கொஞ்சம்தான்.

ஒன்று. பள்ளியில் ஒருநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வெளியே சுற்றிக்கொண்டிருந்தார். துணை முதல்வர் பின்னால் வந்து நின்றதைப் பார்த்ததும் ஒரே ஓட்டம். மறுநாள் தண்டனை கிடைத்தது. கூடவே இன்னொன்றும் கிடைத்தது. அந்தத் துணை முதல்வர் பள்ளியின் ஃபுட்பால் பயிற்சியாளரிடம் போய், இந்தப் பையன் என்னமாய் ஓடுகிறான் தெரியுமா என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அணியில் சேர்ந்தார். மாணவனை அடித்துவிட்டு அதோடு மறந்துபோகிற ஆசிரியராக அவர் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையே இல்லை.

இரண்டு. அவர் போய்ச் சேர்ந்த கல்லூரி. டி.வி.யில் வாராவாரம் வரும் பெரிய பல்கலைக்கழகம் இல்லை. இட்டா பீனா என்ற ஊரில் இருந்த மிசிசிப்பி வேலி ஸ்டேட். கறுப்பின மக்களுக்காக உருவான கல்லூரிகளில் ஒன்று, சிறியது. அங்கே ஆர்ச்சி கூலி என்று ஒரு பயிற்சியாளர். எல்லா அணியும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதிய காலத்தில் இவர் 'எறி, எறி, எறிந்துகொண்டே இரு' என்றார். எறிய வில்லி டாட்டன் என்று ஒரு குவார்ட்டர்பேக் கிடைத்தார். 1984 பருவத்தில் ரைஸ் மட்டும் 27 டச்டவுன் பிடித்தார். உலகத்தில் அவரால் பிடிக்க முடியாத பந்தே இல்லை என்பதால் கல்லூரியில் அவர் பட்டப்பெயரே 'உலகம்'. பின்னாளில் அந்தக் கல்லூரி மைதானத்துக்கு ரைஸ், டாட்டன் இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். பந்தைத் தொட விடாத ஒரு பயிற்சியாளரிடம் மாட்டியிருந்தால்? நாலு வருடமும் வீண்.

மூன்று. 1984 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி ஓர் ஆட்டத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தது. பயிற்சியாளர் பில் வால்ஷ் இரவு ஓட்டல் அறையில் டி.வி.யைப் போட்டார். கல்லூரி ஆட்டங்களின் துணுக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் யாரென்றே தெரியாத ஒரு பையன் பந்தைப் பிடித்து ஓடிக்கொண்டே இருந்தான். வால்ஷ் மனதில் குறித்துக்கொண்டார். அந்த இரவு அவர் சீக்கிரம் படுத்துத் தூங்கியிருந்தால்?

அடுத்த ஆண்டு புது வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட் வந்தது. அதற்கு முன் எல்லா அணிகளும் வீரர்களை 40 கெஜ தூரம் ஓடவிட்டுக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். ரைஸுக்குச் சொல்லப்பட்ட நேரம் 4.7 நொடியை ஒட்டியது. ரிசீவருக்கு அது சுமார்தான். சின்னக் கல்லூரி, சுமாரான வேகம் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அந்த டிராஃப்ட்டில் ரைஸுக்கு முன்பே ஆல் டூன், எட்டி பிரவுன் என்று இரண்டு ரிசீவர்களை வேறு அணிகள் எடுத்தன. வால்ஷ் மட்டும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியோடு பேரம் பேசி, 28-வது இடத்தில் இருந்த தன் முறையை 16-வது இடத்துக்கு மாற்றிக்கொண்டு ரைஸை எடுத்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கடிகாரம் பொய் சொல்லவில்லை. அது தவறான கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னது. 40 கெஜத்தைப் பந்தில்லாமல், எதிரே ஆளில்லாமல், நேர்கோட்டில் ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி. ஆட்டத்தில் அப்படி யாரும் ஓடுவதில்லை. வெட்டித் திரும்பும்போது வேகம் குறையாமல் இருக்கிறதா, நான்காவது கால்மணி நேரத்திலும் முதல் நிமிடத்தில் ஓடியது போல ஓட முடிகிறதா என்பதுதான் ரிசீவருக்கு முக்கியம். அதை அளக்கக் கடிகாரம் யாரிடமும் இல்லை. வால்ஷிடம் கண் இருந்தது. மதிப்பெண்ணை வைத்தே மனிதனை எடைபோடும் ஊரில் படிக்கிற நமக்கு இது புரியாதா என்ன?

நிற்க. அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு பாதிப் பொய். கதவைத் திறந்துவிட்டது மற்றவர்கள். உள்ளே போன பிறகு அவர் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை.

முதல் பருவம் மோசம். பெரிய மைதானம், பெரிய கூட்டம், தலை நிறையப் புதுப் பாடங்கள். கைக்கு வந்த பந்துகளை நழுவவிட்டார். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். பிறகு 1985 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 பந்து பிடித்து 241 கெஜம் எடுத்தார். கூச்சல் நின்றது. அடுத்த பருவம் 1,570 கெஜம், 15 டச்டவுன். அந்தப் பருவத்தின் முடிவில், 1987 ஜனவரியில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியோடு நாக்-அவுட் ஆட்டம். பந்தைப் பிடித்துத் தனியாக எல்லையை நோக்கி ஓடுகிறார், தொடக்கூட ஆளில்லை. பந்து தானாகக் கையிலிருந்து நழுவி விழுந்தது. அணி 49-3 என்று தோற்றது. அந்த ஒரு பந்தால் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நழுவியது நழுவியதுதான்.

அடுத்து வந்த 1987 பருவத்தில் வீரர்களின் வேலைநிறுத்தம். ரைஸ் ஆடியது 12 ஆட்டம் மட்டுமே. பிடித்த டச்டவுன் 22. லீக்கில் அவருக்கு அடுத்தபடியாக இருந்தவருக்கு 11. சரியாகப் பாதி! அந்தச் சாதனையை 2007-ல் ராண்டி மாஸ் 23 எடுத்து முறியடித்தார். மாஸுக்கு அதற்கு 16 ஆட்டங்கள் தேவைப்பட்டன.

எப்படி இது? இங்கேதான் மலை வருகிறது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே எட்ஜ்வுட் பூங்காவில் இரண்டரை மைல் நீளத்துக்கு ஏறிக்கொண்டே போகும் மலைப்பாதை ஒன்று இருக்கிறது. ஆட்டம் இல்லாத மாதங்களில் ரைஸ் அதில் ஓடுவார். அவரோடு ஓடிப் பார்க்கலாம் என்று வந்த தொழில்முறை வீரர்கள் பாதியில் உட்கார்ந்த கதைகள் ஏராளம். அணிப் பயிற்சியில் மற்றவர்கள் பந்தைப் பிடித்ததும் நாலடி ஓடிவிட்டுத் திரும்பி வருவார்கள். ரைஸ் ஒவ்வொரு முறையும் எல்லைவரை முழு வேகத்தில் ஓடிவிட்டுத்தான் வருவார். ஆட்டத்தில் எப்படியோ அப்படியே பயிற்சியிலும்.

பலன் மைதானத்தில் தெரிந்தது. 1989 ஜனவரியில் மயாமியில் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான சூப்பர் பவுல். 11 பந்து, 215 கெஜம், ஆட்டநாயகன் விருது. அடுத்த ஆண்டு டென்வர் பிராங்கோஸை 55-10 என்று நொறுக்கிய சூப்பர் பவுலில் மூன்று டச்டவுன். 1995 ஜனவரியில் சான் டியாகோ சார்ஜர்ஸுக்கு எதிராகத் தோள்மூட்டு விலகிய நிலையிலும் மறுபடி மூன்று டச்டவுன்.

"அட, ஜோ மொன்டானாவும் ஸ்டீவ் யங்கும் எறிந்தால் நானும் பிடிப்பேன்" என்பார்கள் சிலர். நியாயமான கேள்விதான். இரண்டு பேருமே ஆட்டத்தின் மகா குவார்ட்டர்பேக்குகள். யங் எறிந்து ரைஸ் பிடித்த டச்டவுன் மட்டும் 85. குறுகிய தூரம், துல்லியமான நேரம் என்று வால்ஷ் அமைத்த ஆட்டமுறையும் ரைஸுக்கென்றே தைத்த சட்டை மாதிரி. இவை இல்லாமல் இந்த எண்கள் வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மொன்டானாவிடமும் யங்கிடமும் பந்து வாங்கிய வேறு ரிசீவர்களும் இருந்தார்கள். தவிர, ஃபார்ட்டி நைனர்ஸ் "போதும், கிளம்பு" என்று சொன்ன பிறகு 2001-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்குப் போனாரே, அங்கே மொன்டானாவும் இல்லை, யங்கும் இல்லை. 2001-ல் 1,139 கெஜம். 2002-ல், நாற்பது வயது நிறைந்த பருவத்தில், 92 பந்து, 1,211 கெஜம். 2003 ஜனவரியில் மறுபடி ஒரு சூப்பர் பவுல், அதில் தோல்வி, அதிலும் ஒரு டச்டவுன். இதற்கு என்ன சொல்வீர்கள்?

இன்னொரு குற்றச்சாட்டு எனக்கும் உறுத்துகிறது. அதை மறைத்துவிட்டுப் புகழ்பாடினால் நேர்மையில்லை. கையுறையில் தடவினால் பந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு பசைக்கு லீக் 1981-லேயே தடை போட்டது. 2015-ல் வெளியான ஒரு பேட்டித் துண்டில், கையுறையில் அந்தப் பசையைக் கொஞ்சம் அடித்துக்கொள்வேன் என்று ரைஸ் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கேள்வி எழுந்ததும், என் காலத்தில் எல்லோரும் செய்தார்கள் என்றார். அதே காலத்தில் ஆடிய வேறு ரிசீவர்கள் நாங்கள் செய்யவில்லை என்று மறுத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான், பந்தில் காற்றைக் குறைத்த சர்ச்சையில் சிக்கிய பேட்ரியாட்ஸ் அணியை ஏமாற்றுக்காரர்கள் என்று ரைஸ் கண்டித்திருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

பசையால்தான் 22,895 கெஜம் வந்தது என்று நான் நம்பவில்லை. பசை பந்தை ஒட்டவைக்கும், ஆளை எதிராளியிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்கவைக்காது. ஆனால் 'எல்லோரும் செய்தார்கள்' என்பது பதிலே இல்லை. பரீட்சையில் பிடிபடுகிறவன் சொல்வதும் அதைத்தான். இத்தனை உழைத்த மனிதனுக்கு அதற்கு மேலும் ஒரு துளி பசை ஏன் தேவைப்பட்டது?

அதற்கு விடை அவருடைய இன்னொரு குணத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயம்.

1997 பருவத்தின் முதல் ஆட்டம். டாம்பா பே அணியின் வாரன் சாப், ரைஸின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து இழுத்துச் சாய்த்தார். இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அதுவரை 189 ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஆடியவர். அந்தக் காயம் ஆற ஒரு வருடம்கூட ஆகும். ரைஸ் 14 வாரத்தில், டிசம்பர் 15 அன்று, மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். மொன்டானாவின் சட்டை எண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்த இரவு அது. ஒரு டச்டவுனும் பிடித்தார். பிடித்து விழுந்த வேகத்தில் அதே காலின் முட்டிச் சில்லு விரிசல் விட்டது. பருவம் அங்கேயே முடிந்தது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதை 'அசாத்திய மனவுறுதி' என்பார்கள். எனக்கு அது மனவுறுதி மாதிரி மட்டும் தெரியவில்லை. சும்மா உட்கார முடியாத ஒருவரின் தவிப்பு மாதிரியும் தெரிகிறது.

இது என் கற்பனை இல்லை. 2010-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தபோது பேசிய உரையில் ரைஸே சொன்னார். தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் வாழ்க்கை முழுவதும் தன்னை ஓட்டிய இயந்திரம் என்றார். தன் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு வருத்தம் உண்டு, அதை அனுபவிக்கத் தான் நேரமே எடுத்துக்கொள்ளவில்லை, எப்போதும் வேலை செய்துகொண்டே இருந்துவிட்டேன் என்றார். மூன்று சூப்பர் பவுல் ஜெயித்த மனிதர்! பதினான்கு பருவங்களில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டிய மனிதர்! எதையும் அனுபவிக்கவில்லையாம்.

இந்தப் பயம்தான் அவரைக் கடைசிவரை விடவில்லை. 274 ஆட்டங்கள் தொடர்ந்து ஒரு பந்தாவது பிடித்தவர். 2004 செப்டம்பரில் அந்தத் தொடர் அறுந்தது. அடுத்த மாதமே சியாட்டில் அணிக்கு மாறினார். அங்கே 80-ம் எண் சட்டை ஸ்டீவ் லார்ஜென்ட்டின் நினைவாக ஓய்வு பெற்றது. லார்ஜென்ட் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்ததால் அணிந்துகொண்டார். 2005 கோடையில் டென்வர் அணியில் முயற்சி செய்தார். நான்காம், ஐந்தாம் ரிசீவராகத்தான் இடம் என்று தெரிந்ததும் அந்த செப்டம்பரில் ஓய்வு அறிவித்தார். வயது 42.

இதற்கு நேர் எதிராக ஒருவரைச் சொல்கிறேன். டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன். ஒரே பருவத்தில் 1,848 கெஜம் என்று 1995-ல் ரைஸ் வைத்த சாதனையை 2012-ல் 1,964 எடுத்து உடைத்தவர். ஆட்டத்துக்கு எத்தனை கெஜம் என்று சராசரி பார்த்தால் ஜான்சன் 86, ரைஸ் 75 சொச்சம். திறமையில் குறைந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்பதே பருவங்கள் ஆடிவிட்டு, உடம்பு போதும் என்கிறது என்று 30 வயதில் வீட்டுக்குப் போய்விட்டார். 2021-ல் அவரும் ஹால் ஆஃப் ஃபேம் போய்ச் சேர்ந்தார். ஜான்சன் உழைக்காதவரா? தோற்றவரா? நமக்குச் சொல்லித்தரும் நீதிப்படி பார்த்தால் அவர் பாதியில் விட்டவர். என்னைக் கேட்டால் அவரும் தன் கணக்கைச் சரியாகப் போட்டவர்தான்.

ரிசீவர்களில் யார் பெரியவர் என்றால் ஜெர்ரி ரைஸ்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பந்தெறிவதற்குச் சாதகமாக விதிகள் எவ்வளவோ மாறிவிட்டன, 2021 முதல் பருவத்துக்கு 17 ஆட்டங்கள் ஆகிவிட்டன. அப்படியும் அவர் மொத்த எண்களின் பக்கத்தில் யாரும் வரவில்லை. சாதனைகளைப் பார்த்து வாயைப் பிளப்போம், தப்பில்லை. அந்த ஆட்டங்களின் வீடியோக்களைத் தேடிப் பாருங்கள், விதி புரியாவிட்டாலும் அந்த ஓட்டம் புரியும்.

ஆனால் 'அவர் உழைத்தார், ஜெயித்தார்; நீ ஜெயிக்கவில்லை, ஆகவே நீ உழைக்கவில்லை' என்ற கணக்கை மட்டும் இந்த மனிதர் பெயரால் யாரும் போடக்கூடாது. செங்கல் போட்ட சகோதரர்கள் சோம்பேறிகள் இல்லை. 40 கெஜ ஓட்டத்தில் கழித்துக்கட்டப்பட்டு, எந்த வால்ஷும் டி.வி.யில் பார்க்காமல் போன பையன்கள் சோம்பேறிகள் இல்லை. நம் வகுப்பில் அரியர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ராத்திரி வேலைக்குப் போய்விட்டு வருபவர்கள். அவர்களிடம் போய் மலை ஏறி ஓடிய கதையைச் சொல்வது அறிவுரை இல்லை, குத்திக்காட்டல்.

கடைசியாக எனக்குப் பிடித்த ஓர் எண். 2006 ஆகஸ்டில் ரைஸ் தன் பழைய அணியின் வீரராகவே ஓய்வு பெற வேண்டும் என்பதற்காக ஃபார்ட்டி நைனர்ஸ் ஒரு நாள் ஒப்பந்தம் போட்டது. தொகை 1,985,806.49 டாலர். 1985 அவர் வந்த ஆண்டு, 80 சட்டை எண், 06 அந்த ஆண்டு, 49 அணியின் பெயர். (80-க்கும் 06-க்கும் பூஜ்யம் பொது!) வெறும் அடையாளத்துக்குத்தான், ஒரு காசு கைமாறவில்லை. ஓட வேண்டியதில்லை, பிடிக்க வேண்டியதில்லை, நழுவிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. இருபத்தோரு வருடத்தில் அந்தக் கையெழுத்தையாவது மனுஷன் அனுபவித்துப் போட்டிருந்தால் சரி.